நாடு கடத்தப்பட்டும் திரும்பி வந்த ஆசிரியர்: பி.ஜி. ஹார்னிமனின் வாழ்க்கைப் பயணம்

மும்பை: தென் மும்பையின் கோட்டைப் பகுதியில், ஆசியாட்டிக் சொசைட்டி நூலகம் இயங்கும் பழைய நகர மண்டபத்தின் எதிரே, மரங்கள் அடர்ந்த வட்டவடிவப் பூங்கா ஒன்று உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் பம்பாய் ஆளுநராக இருந்த எல்ஃபின்ஸ்டனின் பெயரைத் தாங்கியிருந்த அந்த இடம், நாடு விடுதலை பெற்ற பின்னர் மற்றோர் ஆங்கிலேயரின் பெயரைப் பெற்றது. ஹார்னிமன் சர்க்கிள் என்று இன்று அழைக்கப்படும் அந்தப் பூங்காவைக் கடந்து செல்லும் பலருக்கு, அந்தப் பெயருக்குரியவரை ஆங்கிலேய அரசே இந்தியாவிலிருந்து வெளியேற்றியது என்பது தெரியாது.

பெஞ்சமின் கை ஹார்னிமன் ஒரு பத்திரிகை ஆசிரியர். 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி, விசாரணை ஏதுமின்றி அவர் நாடு கடத்தப்பட்டார். அவரைத் திரும்ப வரவிடாமல் தடுக்க பம்பாய், சிம்லா, லண்டன் ஆகிய மூன்று இடங்களிலும் இருந்த அதிகார பீடங்கள் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் முயன்றன. ஒரு செய்தியாளரின் குரலை அடக்க அரசு எடுத்த நடவடிக்கை எத்தகைய விளைவுகளைத் தந்தது என்பதற்கு அவரது வாழ்க்கை ஒரு சான்றாகும்.

சசெக்ஸ் முதல் கொல்கத்தா வரை

1873-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தில் ஹார்னிமன் பிறந்தார். அவரது தந்தை வில்லியம் ஹார்னிமன், பிரிட்டிஷ் கடற்படையில் ஊதியப் பிரிவின் உயர் அதிகாரியாகப் பணியாற்றியவர். போர்ட்ஸ்மவுத் நகரில் பள்ளிக் கல்வி பயின்ற ஹார்னிமன், தந்தையைப் போல் படைத்துறையின் வழியில் செல்லாமல் எழுத்துத் துறையைத் தேர்ந்தெடுத்தார். 1894-இல் போர்ட்ஸ்மவுத்தின் மாலை நாளிதழ் ஒன்றில் அவரது இதழியல் பணி தொடங்கியது. பின்னர் டெய்லி கிரானிக்கிள், மான்செஸ்டர் கார்டியன் ஆகிய புகழ்பெற்ற நாளிதழ்களில் பணியாற்றி அனுபவம் பெற்றார்.

1906-இல் கொல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் செய்தி ஆசிரியராகப் பொறுப்பேற்க அவர் இந்தியா வந்தார். அப்போது கர்சன் பிரபு செய்த வங்கப் பிரிவினைக்கு எதிராக வங்கம் முழுவதும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அந்நியத் துணிகளைப் புறக்கணிக்கும் சுதேசி இயக்கம் வேகம் பெற்றிருந்தது. ஆங்கிலேயருக்குச் சொந்தமான நாளிதழில் பணியாற்றிய போதிலும், ஹார்னிமனின் அனுதாபம் வங்க மக்களின் பக்கமே இருந்தது. அவர் இந்திய அரசியலை நெருங்கி அறிந்தது அந்த ஆண்டுகளில்தான்.

பாம்பே கிரானிக்கிள்

பம்பாயின் மூத்த காங்கிரஸ் தலைவர் சர் பெரோஸ்ஷா மேத்தா, இந்தியர்களின் கருத்தை ஆங்கிலத்தில் எடுத்துரைக்க ஒரு நாளிதழ் தேவை என்று கருதினார். அந்நகரில் செல்வாக்குப் பெற்றிருந்த டைம்ஸ் ஆஃப் இந்தியா, ஆட்சியாளர்களின் கண்ணோட்டத்தையே பெரிதும் எதிரொலித்து வந்தது. அதற்கு மாற்றாக மேத்தா நிறுவிய பாம்பே கிரானிக்கிள் நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை 1913-இல் ஹார்னிமன் ஏற்றார்.

இந்தியர்களின் நாளிதழுக்கு ஓர் ஆங்கிலேயர் ஆசிரியரானது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அதில் நடைமுறைப் பயன் இருந்தது. இந்திய ஆசிரியர்கள் மீது பாய்ந்த 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தை அவர் துணிவுடன் எதிர்த்து எழுதினார். அச்சகங்களிடமும் பதிப்பாளர்களிடமும் பிணைத்தொகை கேட்கவும், அதனைப் பறிமுதல் செய்யவும் அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. அதனை எதிர்க்கும் நோக்கில் உருவான இந்தியப் பத்திரிகைச் சங்கத்தின் தலைவராகவும் ஹார்னிமன் செயல்பட்டார்.

1915 நவம்பரில் மேத்தா காலமான பின்னரும் நாளிதழின் போக்கு மாறவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்தில் ஹார்னிமன் துணைத் தலைவராக இணைந்தார். 1917 ஜூனில் சென்னை மாகாண அரசு, போர்க்காலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அன்னி பெசன்ட்டையும் அவரது தோழர்கள் அருண்டேல், பி.பி. வாடியா ஆகியோரையும் உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் செப்டம்பரில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அதே சட்டம் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஹார்னிமன் மீதும் பாய்ந்தது.

1918 டிசம்பரில், பணி முடிந்து விடைபெற்ற ஆளுநர் வெலிங்டன் பிரபுவுக்கு நகர மண்டபத்தில் பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்ற ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. முகமது அலி ஜின்னாவும் ஹார்னிமனும் ஆதரவாளர்களுடன் சென்று அதனை எதிர்த்தனர். காவல்துறை மண்டபத்தைக் காலி செய்தது. அந்த மண்டபத்தின் எதிரே உள்ள பூங்காவுக்குத்தான் பிற்காலத்தில் ஹார்னிமனின் பெயர் சூட்டப்பட்டது.

ரௌலட் சட்டமும் பஞ்சாபும்

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. போர்க்கால அடக்குமுறை அதிகாரங்கள் முடிவுக்கு வரும் என்று இந்தியர்கள் எதிர்பார்த்தனர். மாறாக, விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை நீட்டிக்கும் ரௌலட் சட்டம் 1919 மார்ச்சில் நிறைவேறியது. அதற்கு முன்பே, பிப்ரவரி 24-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகள் முன்னிலையில் ஒரு சத்தியாகிரக உறுதிமொழி கையெழுத்தாகியிருந்தது. அதில் கையெழுத்திட்டவர்களில் வல்லபபாய் படேல், சரோஜினி நாயுடு ஆகியோருடன் ஹார்னிமனும் ஒருவர். காந்தியடிகளைத் தலைவராகக் கொண்டு அமைந்த சத்தியாகிரக சபையில் அவர் துணைத் தலைவரானார்.

ஏப்ரல் 6-ஆம் தேதி நாடெங்கும் கடையடைப்பும் உண்ணாநோன்பும் கடைப்பிடிக்கப்பட்டன. பம்பாயில் தடை செய்யப்பட்ட நூல்கள் வெளிப்படையாக விற்கப்பட்டன. அடுத்த சில நாட்களில், பஞ்சாபுக்குப் புறப்பட்ட காந்தியடிகள் வழியில் தடுத்து நிறுத்தப்பட்டுப் பம்பாய்க்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பம்பாயிலும் அகமதாபாத்திலும் கலவரம் மூண்டது. ஏப்ரல் 13-ஆம் தேதி அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில், ஜெனரல் டயரின் உத்தரவுப்படி படையினர் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தினர். அரசின் கணக்குப்படி 379 பேர் உயிரிழந்தனர். இந்தியர்களின் கணக்கு அதைவிட மிக அதிகம்.

பஞ்சாபில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து செய்தி வெளியே வராமல் தணிக்கை இறுக்கப்பட்டது. இத்தகைய சூழலில் பஞ்சாபில் நடந்தவற்றை வெளிக்கொணர பாம்பே கிரானிக்கிள் முயன்றது. அந்நாளிதழுக்குச் செய்தி அளித்த கோவர்தன் தாஸ் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். செய்தி அளித்தவருக்குச் சிறையும், அதனை வெளியிட்ட ஆசிரியருக்கு நாடு கடத்தலும் கிடைத்தன.

நீதிமன்றம் ஏன் தவிர்க்கப்பட்டது

ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து பதின்மூன்றாம் நாள், உடல்நலம் குன்றியிருந்த ஹார்னிமனைப் பம்பாய் அரசு பிடித்து இங்கிலாந்து செல்லும் கப்பலில் ஏற்றியது. அப்போது பம்பாய் ஆளுநராக இருந்தவர் சர் ஜார்ஜ் லாய்டு.

சட்டப்படி ஹார்னிமன் இந்தியாவில் அந்நியர் அல்லர். அவர் பிரிட்டிஷ் குடிமகன். எனவே பிற நாட்டவரை வெளியேற்றுவதற்கான சட்டத்தை அவர் மீது பயன்படுத்த இயலாது. ராஜத்துரோக வழக்குத் தொடர்ந்தால் வெளிப்படையான விசாரணை நடத்த வேண்டும். ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிமக்களுக்கு அக்காலக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தனி உரிமைகளை வழங்கியிருந்தது. விசாரணை நடந்தால், பஞ்சாபில் நிகழ்ந்தவை யாவும் சாட்சியங்களாக நீதிமன்றத்தில் பதிவாகும் வாய்ப்பும் இருந்தது.

நீதிமன்ற வழி அரசுக்கு எப்போதும் சாதகமாக அமைந்ததும் இல்லை. 1908-இல் பால கங்காதர திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1916-இல் அதே திலகர் மீது பிறப்பிக்கப்பட்ட பிணைத்தொகை உத்தரவைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவ்வழக்கில் திலகருக்காக வாதாடியவர் ஜின்னா.

போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணை, இந்தச் சிக்கல்கள் அனைத்தையும் தவிர்க்க உதவியது. போர் முடிந்த பின்னரும் அந்த விதிகள் நடைமுறையில் இருந்தன. போர்க்கால அதிகாரங்களை நீட்டிப்பதை எதிர்த்துப் போராடிய ஆசிரியர், போர்க்கால அதிகாரத்தைக் கொண்டே வெளியேற்றப்பட்டார்.

லண்டனில் எழுந்த கேள்விகள்

இந்த நடவடிக்கை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எதிரொலித்தது. அப்போது இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தவர் எட்வின் மாண்டேகு. இந்தியர்களுக்கு அரசியல் சீர்திருத்தங்களை வழங்கும் திட்டத்தை முன்வைத்தவர் என்ற நற்பெயர் அவருக்கு இருந்தது. ஆயினும் ஹார்னிமன் விவகாரத்தில் பம்பாய் அரசின் முடிவை அவர் முழுமையாக ஆதரித்தார். டெல்லி வீதிகளில் படையினர் உடலைச் சிதைக்கும் வகைத் தோட்டாக்களைப் பயன்படுத்தியதாக அந்நாளிதழ் குற்றம்சாட்டியது என்றும், அதன் பிரதிகள் பம்பாயில் இருந்த பிரிட்டிஷ் படையினருக்கு இலவசமாக வழங்கப்பட்டன என்றும் 1919 மே மாதம் அவர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்.

அரசின் கோணத்திலிருந்து பார்த்தால் இவை கடுமையான குற்றச்சாட்டுகள். கலவரம் மூண்டிருந்த நகரில், படையினரின் விசுவாசத்தை அசைக்கும் முயற்சி என்று அவை சித்திரிக்கப்பட்டன. எனினும் அக்குற்றச்சாட்டுகள் எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. அவற்றை மறுக்கும் வாய்ப்பும் ஹார்னிமனுக்கு வழங்கப்படவில்லை. தவறு செய்திருந்தால் வழக்குத் தொடர வேண்டும் என்பதே அவரது ஆதரவாளர்களின் வாதமாக இருந்தது.

இந்தியாவில் ஆசிரியர் ஒருவர் நாடு கடத்தப்பட்டது அதுவே முதல்முறை அன்று. 1823-இல் கல்கத்தா ஜர்னல் இதழின் ஆசிரியர் ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாமைக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியேற்றியது. இந்தியாவில் தங்குவதற்கான அவரது உரிமத்தை ரத்து செய்வதே அன்று கம்பெனிக்குப் போதுமானதாக இருந்தது. கம்பெனி ஆட்சி மறைந்து முடியாட்சி வந்த பிறகும், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அதே வழிமுறை வேறு சட்டத்தின் பெயரில் பின்பற்றப்பட்டது.

யங் இந்தியாவின் எழுச்சி

ஹார்னிமன் வெளியேற்றப்பட்டதும் பாம்பே கிரானிக்கிள் மீது முன்தணிக்கை விதிக்கப்பட்டது. நாளிதழ் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பம்பாயில் மீண்டும் கலவரம் வெடிக்குமோ என்ற அச்சம் நிலவியது. காந்தியடிகள் துண்டறிக்கைகள் வெளியிட்டு அமைதி காக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். உடனடிக் கடையடைப்பைத் தவிர்த்து, மே 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உண்ணாநோன்புடன் கூடிய கடையடைப்பு கடைப்பிடிக்கப்பட்டது. அது அமைதியாகவே நடந்தேறியது.

இந்த நடவடிக்கையால் அரசு எதிர்பாராத விளைவு ஒன்றும் ஏற்பட்டது. கிரானிக்கிள் நாளிதழை நடத்தித் தருமாறு அதன் நிர்வாகிகள் காந்தியடிகளை அணுகினர். அவர் முடிவெடுக்கும் முன்பே நாளிதழ் நின்றுபோனது. அந்நாளிதழுடன் தொடர்புடைய உமர் சோபானி, சங்கர்லால் பாங்கர் ஆகியோர் யங் இந்தியா என்ற ஆங்கில இதழையும் நடத்தி வந்தனர். கிரானிக்கிள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, அவ்விதழை ஏற்று வழிநடத்துமாறு அவர்கள் காந்தியடிகளைக் கேட்டுக்கொண்டனர். வார இதழாக வந்த யங் இந்தியா, வாரம் இருமுறை வெளிவரத் தொடங்கியது. குஜராத்தி மொழியில் நவஜீவன் இதழும் அவரது பொறுப்பில் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் இண்டியன் ஒப்பீனியன் இதழை நடத்திய அனுபவம் காந்தியடிகளுக்கு இருந்தபோதிலும், இந்தியாவில் அவர் இதழாசிரியராக உருவெடுக்க ஹார்னிமனின் நாடு கடத்தலே உடனடிக் காரணமாக அமைந்தது. ஒத்துழையாமை இயக்கத்தின் கொள்கைகளை நாடறியச் செய்தவை அந்த இதழ்களே.

திறக்காத கதவு

லண்டன் சேர்ந்த ஹார்னிமன் ஓய்ந்திருக்கவில்லை. பஞ்சாபின் உண்மை நிலையை பிரிட்டிஷ் மக்களிடம் கொண்டு செல்ல முனைந்தார். தொழிலாளர் இயக்கத்தைச் சார்ந்த டெய்லி ஹெரால்ட் நாளிதழ் அதற்கு இடமளித்தது. 1920-இல் அமிர்தசரஸ் படுகொலை குறித்தும் பிரிட்டிஷ் நிர்வாகம் குறித்தும் அவர் எழுதிய நூல் வெளியானது.

அதே ஆண்டில் ஹண்டர் குழுவின் அறிக்கை வெளிவந்தது. ஜெனரல் டயர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. ஆனால் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அவருக்கு ஆதரவாக வாக்களித்தது. மார்னிங் போஸ்ட் நாளிதழ் திரட்டிய நிதியில் 26,000 பவுண்டுக்கும் மேற்பட்ட தொகை டயருக்குக் கிடைத்தது. துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்டவருக்கு நன்கொடை குவிந்த அதே நாட்டில், அச்செய்தியை உலகறியச் செய்ய முயன்ற ஆசிரியர் தமது பணியிடத்துக்குத் திரும்ப அனுமதி கேட்டுக் காத்திருந்தார்.

அனுமதி கிடைக்கவில்லை. போர்க்கால விதிகள் காலாவதியான பிறகும், கடவுச்சீட்டு என்ற புதிய கருவி அரசின் கையில் இருந்தது. 1920-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி இந்தியாவுக்குள் நுழையக் கடவுச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டிருந்தது. ஹார்னிமனுக்கு இந்தியா செல்வதற்கான ஒப்புதல் மறுக்கப்பட்டது. இவ்வாறு, நாடு கடத்தல் ஆணை மறைந்தும் அதன் விளைவு மட்டும் நீடித்தது. அவரை மீண்டும் அனுமதிக்குமாறு இந்தியத் தலைவர்கள் எழுப்பிய குரலுக்கும் பலன் கிட்டவில்லை.

மீண்டும் பம்பாயில்

1926 ஜனவரியில், சட்டத்தில் இருந்த ஓர் இடைவெளியைப் பயன்படுத்தி ஹார்னிமன் இந்தியாவுக்குள் நுழைந்தார். நாடு கடத்தப்பட்டபோது அவருக்கு வயது 45. திரும்பியபோது 52. மீண்டும் அவரைக் கப்பலேற்ற அரசு துணியவில்லை. ஏழு ஆண்டுகள் அரசு கட்டிக்காத்த தடை, அவர் மண்ணில் கால் வைத்ததும் பொருளற்றதானது.

பாம்பே கிரானிக்கிள் நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை அவர் மீண்டும் ஏற்றார். அவர் இல்லாத ஆண்டுகளில் அந்நாளிதழை ஆங்கில எழுத்தாளர் மார்மடியூக் பிக்தாலும், பின்னர் சையத் அப்துல்லா பரேல்வியும் வழிநடத்தியிருந்தனர். பின்னாளில் கிரானிக்கிளிலிருந்து விலகிய ஹார்னிமன், இண்டியன் நேஷனல் ஹெரால்ட் என்ற நாளிதழைத் தொடங்கினார். 1933 முதல் பாம்பே சென்டினல் என்ற மாலை நாளிதழின் ஆசிரியராகப் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். 1941-இல் ருஸ்ஸி கரஞ்சியா, தினகர் நாட்கர்ணி ஆகியோருடன் இணைந்து பிளிட்ஸ் வார இதழை நிறுவினார். அவ்விதழ் பின்னர் கரஞ்சியாவின் தலைமையில் பல பத்தாண்டுகள் வெளிவந்தது.

நாடு விடுதலை பெற்றபோது ஹார்னிமன் பம்பாயில்தான் இருந்தார். 1948 அக்டோபரில், 75-ஆம் வயதில் அவர் காலமானார். ஐம்பது ஆண்டு இதழியல் வாழ்வு குறித்து அவர் எழுதத் தொடங்கிய நினைவுக் குறிப்புகள் முற்றுப்பெறவில்லை.

பெயர் நிலைத்த இடம்

எல்ஃபின்ஸ்டன் சர்க்கிளுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது பொருத்தமான மரியாதை. 1822-இல் தொடங்கப்பட்டு இன்றும் வெளிவரும் ஆசியாவின் மிகப் பழமையான நாளிதழான மும்பை சமாச்சாரின் அலுவலகம் அந்தப் பூங்காவை ஒட்டியே உள்ளது. அருகிலுள்ள ஒரு சாலை, கிரானிக்கிளில் அவருடன் பணியாற்றிய பரேல்வியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஹார்னிமன் வழக்கில் அன்றைய அரசு நாடியது மூன்று கருவிகள்: விசாரணையற்ற ஆணை, முன்தணிக்கை, கடவுச்சீட்டு மறுப்பு. முதலாவது ஆசிரியரை அகற்றியது. இரண்டாவது நாளிதழை நிறுத்தியது. மூன்றாவது அவரது வாழ்வின் ஏழு ஆண்டுகளைப் பறித்தது. ஆனால் பஞ்சாப் செய்தியை அவற்றால் மறைக்க முடியவில்லை. கிரானிக்கிள் சில வாரங்களில் மீண்டும் வெளிவந்தது. அதனிடையே யங் இந்தியா காந்தியடிகளின் குரலானது. வெளியேற்றப்பட்டவரும் திரும்பி வந்து, தாம் தேர்ந்தெடுத்த நகரிலேயே இறுதிவரை எழுதினார்.